டெஸ்ரீன் நட்ட ரவுண்டானா

டெஸ்ரீன் மெக்லார்டி இருபத்தாறு வருடம் டாக்ஸி ஓட்டியவள். ரெட் கல்லி மலையிலிருந்து மொரான்ட் பே சந்தை வரை, ஐந்து பேர் உட்காரும் வண்டியில் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு போவாள். வண்டி மேல் வைத்த பாசத்தில் பாதியைப் புருஷன் மேல் வைத்திருந்தால் அவன் கிங்ஸ்டனுக்கு ஓடியிருக்க மாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். அவள் காதில் விழும்படியே சொல்வார்கள்.

சர்ச்சுக்குக் கீழே உள்ள வளைவில் ஒரு பள்ளம். பள்ளம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஆடு இறங்கினால் கொம்பு மட்டும்தான் வெளியே தெரியும். அது டெஸ்ரீனின் வண்டியில் மூன்று ஆக்ஸிலை ஒடித்திருந்தது. நாலாவதும் ஒடிந்தால் அடிச்சட்டமே தாங்காது, வண்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். வண்டி போனால் டாக்ஸி உரிமம் போகும், சோறும் போகும். ஒவ்வொரு ஜனவரியும் நகராட்சிக்குக் கடிதம் எழுதினாள். பதினோரு கடிதம் போயிற்று, ஒரு பதிலும் வரவில்லை.

பதினோராவது கடிதத்துக்கும் பதில் இல்லாமல் போகவே, அவள் வாழை நட்டாள். எங்கள் தீவில் ரோட்டுப் பள்ளத்தில் வாழை நடுவது அரசாங்கத்தின் மானத்தை வாங்க. பத்திரிகைக்காரன் படம் எடுப்பான், அதிகாரிக்கு ரோஷம் வரும், தார் வரும், அதற்குள் வாழை வாடிப்போயிருக்கும். இதுதான் வழக்கம். டெஸ்ரீன் செய்த ஒரே தப்பு, நல்ல கன்றாகப் பார்த்து நட்டது. ஓடைத் தண்ணீரையும் ஆட்டுப் புழுக்கையையும் குடித்து அது மதமதவென்று வளர்ந்து குலை தள்ளிவிட்டது.

தேர்தல் வந்தது, கூடவே தார் லாரியும் வந்தது. மேஸ்திரி பிளாக்வுட், வாழையடியில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"மிஸ் டெஸ், குலை தள்ளியிருக்கே."

"வெட்டிப் போடுங்க பாஸ். நட்டவ நான்தான், நானே சொல்றேன்."

"நட்டது நீங்க. இடம் சர்க்காரோடது. காய்ச்ச மரத்துல கை வெச்சா என் வேலை போயிரும். விவசாய ஆபீசர் எழுதித் தரணும்."

விவசாய ஆபீசர் மிஸ் பின்னக் வந்தாள். சீப்பை எண்ணிப் பார்த்துச் சொக்கிப்போனாள்.

"ஒம்பது சீப்பு. இந்தப் பக்கத்துலயே இப்படி ஒரு தார் நான் பாத்ததில்ல. என்ன உரம் போட்டீங்க?"

"வயித்தெரிச்சல்."

அதையும் குறித்துக்கொண்டாள் போலிருக்கிறது. காய் முற்றும்வரை மூன்று மாதம் வெட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். தேர்தலோ திங்கட்கிழமை. அதற்குப் பிறகு தார் லாரி இந்த மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்பது எங்கள் ஊர் ஆட்டுக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் டெஸ்ரீன் வெட்டுக்கத்தியோடு இறங்கினாள். சர்ச் பெண்கள் மரத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். முன்னால் டீக்கன் கிளீவன். அவளுடைய வண்டியில் எப்போதும் முன் சீட்டில் உட்காருகிறவர்.

"சிஸ்டர் டெஸ், இந்த மரம் வந்தப்புறம்தான் ரோடு வந்துச்சு. அதுமேல கத்திய வெக்காதீங்க."

"அது திட்டறதுக்குன்னு நட்ட மரம், பிரதர்."

"கர்த்தர் எதை எதுக்கு உபயோகிப்பார்னு நமக்கென்ன தெரியும்?"

டெஸ்ரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அங்கே நின்ற அத்தனை பேரும் அவளுடைய சவாரிகள். கத்தியை இறக்கிக்கொண்டு திரும்பினாள்.

மேஸ்திரி வாழையைச் சுற்றி வட்டமாகத் தார் போட்டார். ஒரு பள்ளத்தை மூடாமல் விட்டேன் என்று அறிக்கையில் எழுத முடியுமா? ரவுண்டானா என்று எழுதினார். சுற்றிலும் கல் பதித்து வெள்ளை அடித்து, அம்புக்குறி போட்ட நீலப் பலகையும் நட்டுவிட்டுப் போனார்.

மூன்று மாதம் எல்லோரும் மரத்தைச் சுற்றி ஒழுங்காகப் போனார்கள். பிறகு குலை பழுத்தது. சர்ச்சில் பங்கு போட்டார்கள், டெஸ்ரீனுக்கு ஒரு சீப்பு கிடைத்தது. இப்பேர்ப்பட்ட ஜாதி வாழையை விடலாமா என்று பெண்கள் கிழங்கோடு தோண்டி ஆளுக்கொரு கன்று கொண்டுபோனார்கள். எல்லைக் கல்லையும் தங்கள் பூந்தொட்டிக்குப் பெயர்த்துக்கொண்டார்கள். பள்ளம் இன்னும் ஒரு முழம் ஆழமானது.

அன்று சாயங்காலம் மழை. தண்ணீர் நிரம்பிய பள்ளமும் புதுத் தாரும் ஒரே கறுப்பாக இருந்தன. எட்டுப் பேரோடு இறங்கிய டெஸ்ரீன், ரோடு நன்றாயிருக்கிற தைரியத்தில் கொஞ்சம் வேகமாகவே வந்தாள். யாருக்கும் அடியில்லை. மெக்கானிக் வந்து அடியில் குனிந்து பார்த்தான். நாலாவது ஆக்ஸில். பானட்டை மெதுவாக மூடினான்.

அவள் நகராட்சிக்குப் போனாள். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினான்.

"அந்த வளைவுல பள்ளம் எதுவும் இல்லையேம்மா. ரவுண்டானான்னுதான் இருக்கு."

"அந்த ரவுண்டானாவுக்குள்ளதான் என் வண்டி கெடக்கு."

"ரவுண்டானாவுக்குள்ள வண்டி ஓட்டறது குத்தம், தெரியுமில்ல?"

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ரவுண்டானாவில் இருந்த மரம் காணப்படவில்லை. பதிவின்படி மரத்தை நட்டவர் தாங்களே. பதினான்கு நாட்களுக்குள் வேறு மரம் நட வேண்டும். அந்த அலுவலகத்திலிருந்து அவளுக்கு வந்த முதல் பதில் அது. பெயரைக்கூடப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. படியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

பிறகு எழுந்து போய், இந்த முறை இருப்பதிலேயே நோஞ்சான் கன்றாகப் பார்த்து எடுத்தாள். நட்டு, ஒடிந்த ஆக்ஸிலையே பக்கத்தில் முட்டாக ஊன்றினாள்.

இப்போது சந்தைக்கு அவள் இன்னொருவனின் டாக்ஸியில்தான் போகிறாள். பின் சீட்டில் எட்டாவது ஆளாக, யாருடைய கூடையையோ மடியில் வைத்துக்கொண்டு. கன்று நட்ட நாலாம் நாள் வண்டி வளைவில் சுற்றும்போது முன் சீட்டிலிருந்து கிளீவன் திரும்பினார்.

"சிஸ்டர் டெஸ், குருத்து விட்டிருக்கு பாருங்க."

டெஸ்ரீன் பார்க்கவில்லை.