காப்புக் கையோடு கம்பஸ் போன தங்கச்சி

காப்போடயே அவளை அனுப்பிவிட்டால் என்ன?

இந்த யோசனை எனக்கு வந்தது எங்கட மாரியம்மன் கோயில் முற்றத்தில், போன வருஷம் வைகாசித் திருவிழாவில். தப்பு மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. அப்பா தலையில் கரகம் வைத்து ஆடிக்கொண்டிருந்தார். தங்கச்சி தர்சினி மஞ்சள் உடுப்போடு பெண்கள் பக்கம் நின்றாள். அவள் மணிக்கட்டில் காப்பு. என் கையில் போன். போனில், மலைநாட்டுப் பக்கம் சிங்கள ஊரில் இருக்கிற அவளுடைய கம்பஸில் இருந்து வந்த செய்தி: நாளை மறுநாள் விடுதிக்கு வந்து பதிய வேண்டும், வராதவர்களின் இடம் வேறு பிள்ளைக்குப் போகும்.

எங்கட ஊர் மன்னாரில் நறுவிலிக்குளத்துக்கு அங்கால உள்ள ஒரு சின்னக் குடியிருப்பு. மலைநாட்டில் கலவரத்தில் அடிபட்டு, உடுத்த துணியோடு வந்த சனம் குடியேறின இடம். அந்தச் சனம் கொண்டுவந்த சாமிதான் எங்கட ஆத்தா. காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது. கரகத்தை ஆற்றில் விட்டு, காப்பை அவிழ்க்கும்வரை வெளியில் ஒரு இரவுகூடத் தங்கக் கூடாது. இதைத் தாண்டின ஆள் எங்கட ஊரில் இல்லை. கம்பஸ் கிடைத்தால் காப்புக் கட்டிப் பால்குடம் எடுப்பேன் என்று நேர்த்தி வைத்தவள் தர்சினி. எங்கட குடியிருப்பில் இருந்து கம்பஸுக்குத் தெரிவான முதல் பிள்ளை அவள்தான். கிடைத்தது. கட்டினாள். கட்டின கையோடு இந்தச் செய்தி வந்து நிற்கிறது.

நான் மேளத்துக்கு மேலால் கத்தி அம்மாவிடம் சொன்னேன். அம்மா இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான். நாங்கள் மன்னாரில் பிறந்தபடியால் இஞ்சத்தப் பேச்சு.

"அடியே, ஒனக்குக் கிறுக்கா? காப்புக் கட்டுன புள்ளய எல்லை தாண்ட விடச் சொல்றியா? ஆத்தா பாத்துக்கிட்டு நிக்கிறாடி!"

"ஆத்தாதானே அம்மா கம்பஸ் தந்தது? தந்திட்டுப் போகவேண்டாம் எண்டு சொல்லுவாவோ?"

"வாயி மட்டும் இல்லைன்னா ஒன்னய நாயி தூக்கிட்டுப் போயிரும்."

கடைசியில் அப்பாதான் முடிவு சொன்னார். "போகட்டும். காப்பு கையிலயே இருக்கட்டும். ஆத்தா கூடப் போவா." கரகக்காரர் அப்பா எல்லைக்கு அங்கால ஒரு அடி வைக்க முடியாது. எல்லைக்கல் வரை எங்களோடு வந்தார். பஸ் ஏறின பிறகும் அந்த வெயிலில் அசையாமல் நின்றார். தர்சினி யன்னல் பக்கம் இருந்து அழுதாள். நான் அழவில்லை. எனக்குள் ஒரே துள்ளல். எனக்குக் கிடைக்காத கம்பஸ் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

என்னால் ஏலுமான ஆயத்தம் எல்லாம் செய்திருந்தேன். நான் அடம்பனில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறேன். எதையும் அவசரமாகப் பிடித்து, அவசரமாகச் செய்து முடிக்கிற ஆள். நுளம்பு வலை, வாளி, பூட்டு, பழைய லப்டொப் எல்லாம் கட்டினேன். பஸ்ஸில் கேட்க, கடையில் கேட்க, டொக்டரிடம் சொல்லச் சிங்கள வசனங்கள் சொல்லிக்கொடுத்தேன். அம்மா கோபத்தோடேயே எள்ளுருண்டையும் பொரிவிளாங்காயும் செய்து தந்தார். விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, இனி எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன்.

முதல் இரண்டு கிழமையும் பின்னேரத்தில் போன் எடுப்பாள். சிரிப்பாள். "அக்கா, இஞ்ச எனக்குப் பட்டம் வைச்சிட்டாளவை. மன்னாரில கழுதை கூடவாம், நான் மன்னார்க் கழுதை!"

"நீ என்ன சொன்னனீ?"

"கழுதை உதைக்கும் எண்டு சொன்னனான்."

பிறகு ஒரு நாள் குரல் மாறி வந்தது. "அக்கா, காச்சல். உடம்பெல்லாம் கொப்பளம்."

அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய். எங்கட சனத்துக்கு அது வெறும் வருத்தம் இல்லை. ஆத்தா நேரில் வந்து உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். திருவிழா நேரம் ஊரில் சின்னப் பிள்ளைகள் சிலருக்கு அது இருந்தது உண்மை. அங்கேதான் தொற்றியிருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் காப்போடு எல்லை தாண்டின பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் என்றால், எந்தத் தாய் தொற்று என்று நம்புவார்? அம்மா என் கையில் இருந்த போனைப் பறித்தார்.

"தாயி, மருந்து மாத்திரை எதுவும் வாயில வச்சிராத. ஆத்தா வந்திருக்கா. மருந்து குடிச்சா ஆத்தாவ வெரட்டுன மாதிரி. இன்னும் கோவம் வந்துரும்."

கம்பஸ் டொக்டர் குளிசை கொடுத்திருந்தார். பெரிய ஆட்களுக்கு வந்தால் நெஞ்சைத் தாக்கும், ஒரு வேளையும் விடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்பதால் விடுதியில் இருக்கவும் ஏலாது. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான். ஆனால் அந்தக் காய்ச்சலோடு, அந்தக் கொப்பளத்தோடு, ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் எப்படி வருவாள்? "நான் வாறன், அசையாதை" என்றேன். குளிசையைக் குடி என்று கெஞ்சினேன். "அம்மா வேண்டாம் எண்டவ அக்கா" என்றாள். மூச்சு வாங்கிச் சொன்னாள். அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. அதன் பிறகு போன் வேலை செய்யவில்லை.

விடிந்ததும் புறப்பட்டேன். அம்மா வாசலில் நின்று அழுதார். "கொண்டு வந்துரு. படிப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அந்தப் பக்கத்துல இருந்து அடிச்சு வெரட்டித்தானே வந்தோம். திரும்பப் புள்ளய அங்கேயே குடுத்துட்டனே." அப்பா கதிரையில் இருந்தபடி தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வவுனியாவில் பஸ் மாறினேன். போன் எடுத்தேன். இல்லை. பிறகு திரும்பவும். இல்லை. வழி முழுக்க எடுத்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் குழந்தைக்கு விசுக்கோத்துத் தீத்திக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் உலகம் நின்றுபோய் இருந்தது.

சொந்தங்களே, நான் அவ்வளவாகச் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. திருவிழாவுக்கு வீடியோ எடுக்கிறது நான்தான், விழுந்து கும்பிடுகிறது மற்ற ஆட்கள். அந்த பஸ்ஸில்தான் முதல் தடவையாக ஆத்தாவோடு நேருக்கு நேர் கதைத்தேன். கும்பிடவில்லை. சண்டை பிடித்தேன். "கோவம் எண்டால் என்னில காட்டு. யோசனை சொன்னது நான். அவள் உனக்காக விரதம் இருந்தவள். நீ அவளோட போறாய் எண்டு அப்பா நம்பினவர். நீ போனியோ இல்லையோ? போயிருந்தால் எனக்குக் காட்டு. போகாட்டி, இப்பவாவது போ. நான் போய்ச் சேர முதல் நீ போ." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வாயில் ஈரம் இல்லாமல் போகும்வரை சொன்னேன்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வோர்டன் அம்மா நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னது வேறு. தர்சினி அங்கே இல்லை. காலையில் அவளோடு படிக்கிற ஒரு சிங்களப் பிள்ளையின் தாய் வந்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். பிள்ளையின் பெயர் நதீஷா. எழுதித் தந்த போன் இலக்கத்துக்கு எடுத்தால் மணி அடிக்கிறது, தூக்க ஆள் இல்லை. வீடு சந்திக்கு அங்கால எங்கேயோ, சரியாகத் தெரியாது.

முன்பின் தெரியாத ஊர். தெரியாத வீடு. மூச்சு வாங்குகிற என் தங்கச்சி. வாசலுக்கு வெளியில் இருந்த மதகில் குந்தி வாய்விட்டு அழுதேன். அம்மா சொன்ன "அங்கேயே குடுத்துட்டனே" மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. ஆத்தாவோடு சண்டை பிடிக்கவும் பலம் இல்லை. "தாயே" என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் வரவில்லை.

ஒரு ஓட்டோ வந்து நின்றது. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே சிங்களத்தில் எனக்கு இரண்டு சொல்லும் வரவில்லை. நதீஷா, மன்னார், தங்கச்சி, காய்ச்சல் என்று கையையும் முகத்தையும் காட்டினேன். ஓட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "ஆ! பெப்போல நங்கி!" என்றார். அம்மாள் வருத்தம் வந்த தங்கச்சி. காலையில் அவளை ஏற்றிக்கொண்டு போனவரே அவர்தான்.

தேயிலைக்கு நடுவால் ஏறிப்போகிற ஒழுங்கை. சின்ன வீடு. ஓட்டோவால் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். வாசல் நிலையில் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொப்பு.

எங்கட ஊரில் அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் கட்டுகிற அதே மாதிரி. அந்த மழைக்காட்டில் வழி முழுக்க ஒரு வேப்பமரம்கூட என் கண்ணில் படவில்லை. பிறகு கேட்டேன். வேம்பு நிற்கிற வறண்ட தம்புள்ளைப் பக்கத்துக்கு மரக்கறி லொறி ஓடுகிற நதீஷாவின் மாமா அன்று காலைதான் கொண்டுவந்து கொடுத்தாராம். நான் பஸ்ஸில் இருந்து "இப்பவாவது போ" என்று கத்திக்கொண்டிருந்த அதே காலை. செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றேன். உள்ளே இருந்து நதீஷாவின் அம்மா கையைக் காட்டிச் செருப்பைக் கழற்றச் சொன்னார். அவரும் அந்த வீட்டில் வெறுங்காலோடுதான் நடந்தார்.

தர்சினி வெள்ளைத் துணி விரித்த பாயில் படுத்திருந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. ஆனால் மூச்சு சீராக வந்தது.

"அக்கா" என்றாள். "குளிசை குடிச்சிட்டன்."

"எப்படியடி? அம்மா வேண்டாம் எண்டவவே."

நதீஷா பாதித் தமிழில் விளங்கப்படுத்தினாள். அவர்களுக்கும் இது தெய்வத்தின் வருத்தம்தானாம். பத்தினி மெனியோ என்று அவர்கள் கும்பிடுகிற தாயின் வருத்தம். எண்ணெய் தாளிக்க மாட்டார்கள், மச்ச மாமிசம் சமைக்க மாட்டார்கள், வேம்பு கட்டுவார்கள். தர்சினி குளிசை வேண்டாம் என்று வாயை இறுக்கினதும், நதீஷாவின் அம்மா வாதாடவில்லை. குளிசையை வெற்றிலையில் வைத்து, பத்தினித் தாயின் படத்துக்கு முன்னால் ஒரு பூவோடு வைத்து, விளக்குக் கொளுத்திக் கும்பிட்டார். பிறகு பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். பிரசாதத்தை எங்கட பிள்ளை மறுப்பாளா? ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். தர்சினியின் போன் முதல் நாள் இரவே சார்ஜ் இறங்கி நின்றுவிட்டது; வீட்டுப் போனை எடுக்காததும் இதனால்தான். கும்பிட்ட பிறகு அவள் நித்திரையானதும், சத்தம் கேட்கக் கூடாது என்று போனைக் குசினியில் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாராம்.

அங்கேயே அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். வேப்பிலையைக் காட்டினேன். படத்தைக் காட்டினேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நதீஷாவின் அம்மா போனைத் தன் பக்கம் திருப்பி, "பய வென்ன எப்பா அம்மே, பய வென்ன எப்பா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். எங்கட அம்மாவுக்கு ஒரு சொல் விளங்காது. "சரிம்மா, சரிம்மா, நீ நல்லா இருப்ப" என்று அழுதார். நதீஷாவின் அம்மாவுக்கு அது விளங்காது. இரண்டு பேரும் அப்படியே கனநேரம் கதைத்தார்கள். நதீஷா சிரித்தாள். "ரெண்டு பேருக்கும் மொழி தேவையில்லை போல."

ஆபத்து உடனே போய்விடவில்லை. அடுத்த நாள் காய்ச்சல் திரும்பவும் ஏறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நெஞ்சில் சளி பிடிக்கத் தொடங்கியிருந்தது. குளிசை தொடங்கியிருக்காவிட்டால் பெரிய வில்லங்கம் ஆகியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு கொப்பளங்கள் காய்ந்தன. நதீஷாவின் அம்மா மஞ்சளும் வேம்பும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்கி, அவள் தலையில் வார்த்தார். எங்கட முறையும் அதுதான். பிறகு தர்சினியே தன் காப்பை அவிழ்த்து அந்த ஊர் ஆற்றில் விட்டாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு வருவதற்கென்று போன நான் தனியாகத் திரும்பி வந்தேன். அவள் விடுதிக்குப் போனாள், வகுப்புக்குப் போனாள். அம்மா என்னை ஏசவில்லை. பால்குடத்தைத் தானே எடுத்துப் பிள்ளையின் நேர்த்தியை முடித்தார். "ஆத்தா நமக்கு மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது நானும் விழுந்து கும்பிடுகிறேன். வீடியோ எடுக்க வேறு ஆள் இருக்கிறது. பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு, போன் வராத நாளில் நெஞ்சு பதறி இருக்கிற தாய் தகப்பனே, அக்கா அண்ணன்மாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அழுகை வந்தால் அழுது கேளுங்கோ. கோபம் வந்தால் சண்டை பிடித்துக் கேளுங்கோ. ஆத்தா கேட்பா. நாங்கள் பஸ் ஏற முதலே அவ போய்ச் சேர்ந்திருப்பா. குளிசையையும் அவ கையால் வாங்கினதாக நினைத்துக் குடியுங்கோ.

அடம்பனில் என்னிடம் படித்த சுகந்திக்குக் கிழக்குப் பக்கம் கம்பஸ் கிடைத்திருக்கிறது. அவளுடைய அம்மா சாப்பாடு இறங்காமல் இருக்கிறார். வாற திங்கள் நான் அந்த ஊருக்கு பஸ் ஏறுகிறேன். கம்பஸுக்குக் கிட்ட ஒரு வீடு தேடப்போகிறேன். சுகந்தி தங்குவதற்கு இல்லை, விடுதி இருக்கிறது. காய்ச்சல் என்றால், பயம் என்றால், போய்த் தட்ட அவளுக்கு ஒரு கதவு வேண்டும். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. முதல் வீட்டில் என்ன சொல்லித் தொடங்குவது என்றும் தெரியாது. ஆத்தாவின் பெயரைச் சொல்லித் தட்டுவேன். திங்கள் கிடைக்காவிட்டால் செவ்வாயும் நின்று தட்டுவேன்.