உப்பங்கழியில் தரைதட்டிய கயாக்

சிதம்பரத்தில் வசிக்கும் நானும் கணவரும் விடுமுறை நாட்களில் பக்கத்து ஏரியில், இருவர் அமர்ந்து துடுப்புப் போடும் கயாக் என்ற சிறு படகில் போய் ஜிலேபி கெண்டை பிடிப்போம். கொடுவா மீன் ஆசையில், போன மாதம் முதன்முறையாகக் கடலூரில் கடலோடு சேரும் உப்பங்கழிக்குப் போனோம். தாய்ப்பால் குடிக்கும் மகளைக் கரையில் நாத்தனாரிடம் விட்டு, "இதோ வந்துடறேன் பாப்பா" என்றேன்.

மழை, காற்று எல்லாம் விசாரித்திருந்தேன். கடலோடு சேர்ந்து கழியிலும் நீர் ஏறி இறங்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. குறுகிய வாய்க்காலுக்குள் தூண்டில் போட்டிருந்தபோது, நீர் வடிந்து கயாக் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கணவர் துடுப்பை ஊன்றினார். பாதிக்கு மேல் புதைந்தது. இறங்கினால் நாங்களும் புதைந்துவிடுவோம், நடக்கவும் வழியில்லை.

"ஏங்க, ஏரியில இப்படி ஆனதே இல்லியே?"

"ஏரித் தண்ணி எங்கயும் போவாதுடி" என்றார் பாவமாக.

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, சாயந்தரந்தான் தண்ணி ஏறுமாம், இங்க சொல்றாங்க. பாப்பா பவுடர் பால தொடவே மாட்டேங்குது. அண்ணன அந்தக் கொடுவாவக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுங்க!" அவள் கேலிக்குப் பின்னால் மகளின் அழுகை கேட்டது. எனக்குப் பால் கட்டி மார்பு வலித்தது.

நீர் ஏறிக் கரை சேர்ந்தபோது மகள் அழுது களைத்துத் தூங்கியிருந்தாள். எழுப்பி அணைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகாமலே இருந்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது.

மீன்பிடிப்பை நாங்கள் விடவில்லை. ஆனால் நீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று அங்குள்ள மீனவர்களிடம் கேட்ட பிறகுதான் மகளிடம் "இதோ வந்துடறேன்" என்கிறேன்.