மிதித்தால் உறுமும் பெட்டி

எங்கள் பாவா, அதாவது அக்காவின் கணவர், அம்மையார்குப்பத்தில் பகலெல்லாம் தறி நெய்வார். சாயங்காலமானால் திருத்தணி மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பார். எனக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை. சினிமாப் பாட்டுகளில் கிதார் கரகரவென்று உறும ஆரம்பித்திருந்த எழுபதுகள் அது.

"அந்தச் சத்தம் வராட்டி ஆடிக் கிருத்திகைக்கு மெட்ராஸ்லேர்ந்து வேற ஆளக் கூட்டியாந்துடுவேன்" என்று குழுத் தலைவர் பாவாவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்று பாவா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துபோனார். எனக்கு வந்ததே கோபம்!

அந்தச் சத்தத்துக்கு ஃபஸ் என்று பெயர். அதற்கென்று காலடியில் ஒரு பெட்டி வைப்பார்கள். கிதார் வயர் அதற்குள் நுழைந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். உள்ளே என்ன பெரிய பிரம்ம ரகசியம்? இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர். ஒலியைத் தாங்கமுடியாத அளவுக்குப் பெருக்கி உடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ரேடியோவில் ஒலி உடைந்தால் என்னிடம் ரிப்பேருக்கு வருவார்கள். கிதாரில் உடைந்தால் கைதட்டுகிறார்கள்.

செத்துப்போன ரேடியோக்களிலிருந்து பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கி மாற்றி மாற்றிப் போட்டேன். பதினோராவது ஜோடியில் கோடித் துணியைக் கிழிக்கிற சத்தம் வந்தது. கடையில் தனியாக நின்று கத்தினேன். அலுமினிய டிபன் டப்பாவில் எல்லாவற்றையும் அடைத்து, மேலே ஓர் அமுக்கு சுவிட்ச் வைத்தேன். ஒருமுறை மிதித்தால் உறுமும்; மறுமுறை மிதித்தால் அடங்கும்.

ஒத்திகையில் மானம் போயிற்று. உறுமல் வந்தது, போனது, வந்தது, போனது. மூன்று தடவை டப்பாவைத் திறந்து பற்றவைத்த இடத்தையெல்லாம் பார்த்தேன். பிறகுதான் பாவாவின் காலைப் பார்த்தேன். தாளத்துக்குத் தாளம் சுவிட்சை மிதித்துக்கொண்டிருந்தார்!

"இன்னா பாவா, துணியா நெய்யிறீங்க?"

"நான் இன்னாடா பண்றது? கை ஆடுனா காலும் கூடவே ஆடுது!"

தலைவர் சிரித்தார். "மெட்ராஸ் ஆளுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்யா."

இருபது வருஷம் தறி மிதித்த காலை ஒரு வாரத்தில் திருத்த முடியுமா? பெட்டியைத் திருத்தினேன். தறியில் மிதித்திருக்கும்வரை நூல் பிரிந்திருக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். அதேபோல, மிதித்திருக்கும்வரை மட்டும் உறுமட்டும் என்று சுவிட்சை மாற்றி, அடியில் ஸ்பிரிங் வைத்து, மேலே பாவாவின் தறியில் கழித்துப்போட்ட மிதிபலகையின் துண்டைப் பொருத்தினேன்.

ஆடிக் கிருத்திகையன்று மேடையோரம் மெட்ராஸ்காரர் கிதார் உறையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். பாவா வாசித்தார். பழகிய பலகை பட்டதும் கால் தறியில் இருப்பதுபோல் அடங்கியது; வேண்டிய சுரத்தில் மட்டும் ஒரு மிதி. நீளமான இடத்தில் கால் அப்படியே நின்றது. விட்டதும் கிதார் சுத்தமாக ஒலித்தது. மலையிறங்கி வந்த காவடிக்காரர்கள்கூட நின்று கேட்டார்கள். உறையை மெட்ராஸ்காரர் திறக்கவேயில்லை.

கச்சேரி முடிந்ததும் மேடையேறி, பாவாவின் கிதாரை வாங்கி, பலகையை மிதித்து வாசித்துப் பார்த்தார். கை ஓடியது; கால் பின்தங்கியது. இரண்டாம் முறையும் அப்படியே. கிதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார்.

"இவர வெச்சிக்கினு என்னை எதுக்கு சார் வரச் சொன்னீங்க?"

தலைவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். அந்தப் பெட்டி என் கையால் செய்தது என்று அங்கிருந்த எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.