கத்தாமல் வருவதென்றால்

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறவன். கம்ப்ரசர் ஓடத் தொடங்கிவிட்டால் காதோடு வாயை வைத்துப் பேசினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. அந்தச் சத்தத்தில் வருடக்கணக்காக நின்று நின்று எனக்கு இடது காது பாதி போய்விட்டது, குரல் இரண்டு மடங்காகிவிட்டது. நான் சாதாரணமாகத்தான் பேசுவேன். கேட்கிறவர்கள்தான் என்னமோ சண்டைக்கு வந்துவிட்டான் என்று பின்வாங்குவார்கள். சர்க்கரை கம்மியாக ஒரு டீ என்று கேட்டதற்கே கடைக்காரர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன். நம்பினால் நம்புங்கள், நான் உண்மையில் சாது.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள் நான். எங்கள் ஊரில் ரிக்குக்குப் போகாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வருடத்தில் பெரும்பகுதி எனக்கு மத்தியப் பிரதேசத்தில் கழிந்துவிடும். நான் அங்கே இருந்த சமயத்தில்தான், மகளின் படிப்புக்காக என் மனைவி சேலத்துக்குக் குடிவந்தாள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு பார்த்து, கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். எல்லாம் போனிலேயே பேசி முடிவான காரியங்கள். அடுப்பு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை வீடியோவில் பார்த்திருந்தேன், சந்துதான் தெரியாது. லீவில் வந்தபோது மூன்று பேரிடம் வழி கேட்டுத்தான் என் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தேன்.

போனில் என் மகள் நன்றாகப் பேசுவாள். யார் யாரைக் கிள்ளினார்கள், டீச்சர் யாருக்கு ஸ்டார் போட்டார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்வாள். அந்தப் பேச்சை நம்பித்தான் நான் பை நிறையப் பொம்மையோடு வந்து வாசலில் நின்றேன். அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் வாயைத் திறந்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வாள், அம்மா என்னிடம் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையோடு பேச எனக்கு நடுவில் ஓர் ஆள்! அப்பா என்று ஒரு தடவைகூட அவள் கூப்பிடவில்லை.

போனில் அப்படிப் பேசுகிறவள் நேரில் ஏன் இப்படி என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவள் துணி மடித்துக்கொண்டே சிரித்தாள்.

"போன்ல வால்யூமக் குறைச்சு வெச்சுக்கிட்டுத்தானுங்க பேசுவா. நேர்ல உங்களுக்குப் பட்டன் எங்க இருக்குது?"

நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது. இத்தனை நாளும் என் பிள்ளை என் குரலைப் பாதியாக்கித்தான் கேட்டிருக்கிறாள். லீவு முடிய ரொம்ப நாள் இல்லை. அதற்குள் அவள் வாயால் ஒருமுறை அப்பா என்று கேட்காமல் போய்விட்டால், அடுத்த லீவில் இன்னும் கொஞ்சம் அந்நியனாகத்தான் வந்து நிற்பேன். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே வந்துவிட்டது.

வழி சொன்னதும் மனைவிதான். அவள் கடை முடிந்து வர எப்படியும் ராத்திரி ஒன்பது ஆகிவிடும். அதுவரை இவளோடு கடைவீதிப் பக்கம் போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாங்க, இங்கே எந்த வண்டியில் என்ன நன்றாக இருக்கும் என்பது என்னைவிட இவளுக்குத்தான் தெரியும் என்றாள். மகளையும் கேட்டாள். மகள் ரொம்ப நேரம் யோசித்தாள். அப்புறம், என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"கத்தாம வர்றதா இருந்தாக் கூட்டிட்டுப் போறேன்."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்து சரி என்று சொன்னால் அதுவே கத்தலாகிவிடுமே!

சாயங்காலம் கிளம்பினோம். கையைக் கொடுக்கவில்லை, இரண்டடி முன்னாலேயே நடந்தாள். சந்தையில் புதிதாக வாங்கிய மாடு பின்னால் வருகிறதா என்று பார்ப்பதுபோல அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பகலில் மளிகை மண்டிகளாக இருக்கும் தெருவில், ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, அதே வாசலில் தள்ளுவண்டிகள் வந்து நின்றுகொண்டிருந்தன. மிளகாய் மூட்டை நெடி இன்னும் போகவில்லை, அதற்குள் எண்ணெய் காயும் வாசனை வந்துவிட்டது. ஆட்டோ ஹாரன், டவுன் பஸ் ஹாரன், பொரி வண்டிக்காரர் கரண்டியால் சட்டியில் தட்டும் சத்தம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வந்ததிலிருந்து அந்த அமைதியான வீடுதான் என் காதுக்கும் வாய்க்கும் பொருந்தவே இல்லை.

வழியெல்லாம் மகள் என் முகத்தைப் பார்க்காமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல வண்டி வண்டியாகச் சுட்டிக்காட்டித் தீர்ப்பு சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தக் கடையில் சட்னி தண்ணி. அந்தக் கடையில் கேரட் கம்மியாகப் போடுவார்கள். அதோ அந்த மாமா நல்லாச் செய்வார், ஆனால் சில்லறை இல்லையென்றால் திட்டுவார். மெல்லிய குரல் அவளுக்கு. என் வலது காதுப் பக்கம் அவள் இருந்தால்தான் கேட்கும் என்பதால் நான் அவளைச் சுற்றிச் சுற்றி இடம் மாறிக்கொண்டே நடந்தேன். இந்த ஆள் ஏன் இப்படிப் பம்பரம் மாதிரி சுற்றுகிறார் என்று நினைத்திருப்பாள்.

கடைசியில் ஓர் அக்காவின் தட்டுவடைக் கடையில் நிறுத்தினாள். தட்டுவடை செட் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னத் தட்டுவடை ஒன்றின்மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், அதன்மேல் இன்னொரு தட்டுவடை. முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துச் சாப்பிடப் பார்த்தால் சட்டைதான் சாப்பிடும். வடக்கே கூடாரத்தில் ரொட்டியைக் கிழித்துத் தின்னும்போதெல்லாம் நாக்கு இதைத்தான் கேட்கும்.

அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளிடம், "யாரு சாமி இது?" என்று கேட்டார்.

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஊர்ல இருந்து வந்திருக்காங்க" என்றாள்.

வாயில் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். காரத்தில் கண் கலங்கியது என்று நினைத்து அக்கா தண்ணீர் நீட்டினார். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே, ஊரிலிருந்து வந்தவன்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை, ரொம்ப வலித்தது.

இன்னொரு செட் வேண்டுமா என்று அக்கா கேட்டபோது எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது, சத்தமாகச் சொன்னால் வாக்குத் தவறிவிடும். என்னை அறியாமல் கை எழுந்தது. ஒரு விரலை நிமிர்த்திக் கீழே காட்டினேன். அக்கா புரிந்துகொண்டு ஒரு செட் வைத்தார். போதும் என்பதற்கு முஷ்டியை மூடிக் காட்டினேன். அக்கா கையை நிறுத்திக்கொண்டார்.

மகள் இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நொறுக்கல் கடைக்குப் போகும் வழியில், அது என்ன கையில் என்று கேட்டாள். அம்மாவிடம் அல்ல, என்னிடமே கேட்டாள்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. குனிந்து, முடிந்தவரை குரலை நெரித்துக்கொண்டு சொன்னேன். ரிக் ஓடும்போது நாங்கள் யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைதான். ஒரு விரல் என்றால் இன்னொரு ராடு இறக்கு. முஷ்டி என்றால் உடனே நிறுத்து, ஏன் எதற்கென்று கேட்கக்கூடாது. உள்ளங்கையை அசைத்தால் மெதுவாக. அவள் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள். பசித்தால் என்ன காட்டுவீர்கள், பாம்பு வந்தால் என்ன காட்டுவீர்கள் என்று கேள்வியாகக் கேட்டாள். தண்ணீர் வந்துவிட்டால் எதைக் காட்டுவீர்கள் என்றும் கேட்டாள். அதற்குக் கையே வேண்டாம், எல்லாரும் நனைந்திருப்போம் என்றேன். சிரித்தாள். நான் வந்த பிறகு என் பேச்சுக்கு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

அப்புறம் விளையாட்டு ஆரம்பித்துவிட்டது. தட்டுவடையை நொறுக்கி, சட்னி பிசைந்து கொடுத்த நொறுக்கல் தட்டுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு நான் இந்தப் பக்கம் நின்றேன். அவள் தெருவின் அந்தப் பக்கம் பணியார வண்டிக்கு ஓடிப்போய் வாங்கட்டுமா என்று ஒரு விரலைக் காட்டினாள். நான் தலையாட்டினேன். இரண்டு விரல், மூன்று விரல் என்று ஏற்றிக்கொண்டே போனாள். நான் உள்ளங்கையை அசைத்தேன். அவள் சிரித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு மண்டி வாசலிலிருந்து மூட்டை இறக்கிய மினி லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

முஷ்டியைத்தான் காட்டியிருக்க வேண்டும். கை இரண்டிலும் தட்டு. வாக்காவது ஒன்றாவது, தொண்டை கிழியக் கத்திவிட்டேன்.

"பாப்பா, நில்லு!"

அவள் நின்றாள். லாரியும் நின்றது. பஜாரே நின்றது என்று சொன்னால் மிகையில்லை. லாரிக்கும் அவளுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம் இருந்தது. ஆனால் அவள் லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தாள். நான் தட்டுகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் இன்னும் பெரிதாக அழுதாள்.

அடுத்து நடந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். யாரோ ஒருவன் தெருவில் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துக் கத்துகிறான், கையைப் பிடித்து இழுக்கிறான், பிள்ளை வீறிட்டு அழுகிறது. நானாக இருந்தாலும் சும்மா நின்றிருக்கமாட்டேன். ஓர் ஆட்டோக்காரர் வந்து என் தோளைப் பிடித்தார். தட்டுவடைக் கடை அக்கா ஓடிவந்து மகளைத் தன் சேலையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். யார் நீங்க என்று கேட்டார்கள். என் பிள்ளைதானுங்க என்றேன். எதுக்கு இப்படிக் கத்தறீங்க என்றார்கள். கத்தலைங்க என்று கத்தினேன். விளக்கம் சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டேதான் போனது, சுற்றி ஆளும் சேர்ந்துகொண்டே போனது. போனை எடுத்து மனைவியைக் கூப்பிடலாம் என்றால் ஆட்டோக்காரர் தோளை விடவில்லை.

அக்கா என்னை நம்பவில்லை. மகளின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "ஊர்ல இருந்து வந்திருக்காங்கன்னு தானே கண்ணு சொன்ன? யாருன்னு சொல்லு, பயப்படாத."

மகள் விக்கிக்கொண்டிருந்தாள், பேச்சு வரவில்லை. எனக்கு உலகமே அவள் வாயில்தான் இருந்தது. நான் அவங்கப்பனுங்க என்று மறுபடியும் உரக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அக்காவின் சேலைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டி முஷ்டியை மூடிக் காட்டினாள். உடனே நிறுத்து, ஏன் எதற்கென்று கேட்கக்கூடாது.

நிறுத்தினேன்.

அவள் இரண்டு தடவை மூச்சை இழுத்தாள். பிறகு ஆட்டோக்காரரை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"எங்கப்பா. அவங்க அப்படித்தான் பேசுவாங்க. மிஷின் பக்கத்துல வேலைங்க."

தோளிலிருந்து கை விலகியது. ஆட்டோக்காரர், தப்பா நெனச்சுக்காதீங்க, காலம் அப்படி இருக்குது என்றார். நீங்க பிடிச்சதுதானுங்க சரி என்று சொல்ல நினைத்தேன். முஷ்டி இன்னும் இறங்காததால் கும்பிட்டுவிட்டு நின்றேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு, அப்பான்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன சாமி என்று மகளைச் செல்லமாகக் கடிந்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு செட் வைத்துக் கொடுத்தார். அது என்ன ருசியில் இருந்தது என்று கேட்காதீர்கள். எனக்கு நினைவில்லை. திரும்பி வரும்போது அவள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்பதுதான் நினைவிருக்கிறது.

மீதி நாட்களில் நான் மெதுவாகப் பேசப் பழகினேன். மனைவியும் மகளும் சேர்ந்து பழக்கினார்கள். நான் ஏறினால் மகள் உள்ளங்கையை அசைப்பாள், நான் இறங்குவேன். லீவு முடிந்து சைட்டுக்குத் திரும்பியபோது என்னோடு வேலை செய்கிறவர்கள், என்ன, தொண்டையில் கோளாறா என்று கேட்டார்கள். ரிக் ஓடாத நேரத்தில் நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லையாம்.

மனைவிக்குக் கடை லீவான ஒரு நாள் சாயங்காலம், நான் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது மனைவியின் எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. திரையில் மகளின் முகம். பின்னால் தள்ளுவண்டி விளக்கு, ஹாரன், அதே ஜெனரேட்டர். போனைத் திருப்பி அக்காவிடம் காட்டி, எங்கப்பா பேசறாங்க என்றாள். நான் பழகியபடியே தணிந்த குரலில் நல்லா இருக்கீங்களா என்று கேட்டேன். மகள் போனைக் காதில் வைத்து, எடுத்து, ஓரத்திலிருந்த பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

"அப்பா, சத்தமாப் பேசுங்க. ஒண்ணுமே கேக்கல."