மடிப் புடவையும் மீன் அமிலமும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனியில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அதனால் வெளிக் கம்பியில் பிளாஸ்டிக் பாட்டில்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டுப் புதினாவும் கற்பூரவல்லியும் வளர்த்தேன். தண்ணீர், கீழ்வீட்டு மாமி பூஜைக்கென்று தீட்டுப் படாமல் உலர்த்தும் மடிப் புடவையில் சொட்டியது. நான் ஊரில் இல்லாத நாளில் மாமி கயிற்றையே அறுத்துவிட்டார். செடியெல்லாம் தெருவில் கருகிக் கிடந்தது.

விடுவேனா? மறுபடி கட்டி, அடிப் பாட்டிலில் துளசியை வைத்தேன். துளசியை அறுக்க அவருக்குக் கை வராது. பிறகு, மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலத்தை வாடை தெரியாத அளவுக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். செடிக்கு அது உரம்; எனக்கு அது பழி. மடிப் புடவையில் சொட்டச் சொட்ட வயிறு குளிர்ந்தது.

ஒருநாள் காலையில் எட்டிப் பார்த்தால், மாமி அந்தச் சொட்டைக் கையில் ஏந்தி நிற்கிறார்.

"அன்னிக்கு அறுத்தது தப்புதாம்மா. துளசி பட்டு வர ஜலம், தீர்த்தமாச்சே," என்று வாயருகே கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க மாமி! உரம் போட்டிருக்கேன்!" என்று கத்திவிட்டேன். என்ன உரம் என்று சொல்லவில்லை.

"உரத்த நிறுத்திட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டு இப்போது தினமும் கையேந்துகிறார். என் புதினாவைக் கொன்றதை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் வெறும் தண்ணீரைத்தான் ஊற்றித் தொலைக்கிறேன்.