ஊமைக் கட்டையும் எட்வின் மாஸ்டரும்

இதில் நான் எழுதப்போவது எல்லாம் உண்மை. நடந்ததை நடந்தபடியும் கேட்டதைக் கேட்டபடியும் எழுதுகிறேன். நம் சினிமா ஸ்டுடியோ லைன் வீடுகளில் கைமாறிக் கைமாறிப் போகும் இந்தக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கிற அநேகம் பேருக்கு எட்வின் மாஸ்டரைத் தெரியும். ஒரு வரி கூட்டிச் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒரே ஒருவருடைய பெயரை மட்டும் நான் எழுத மாட்டேன். அந்த இசையமைப்பாளர் தன் இசைத்தட்டில் எட்வின் மாஸ்டரின் பெயரைப் போடவில்லை. நானும் அவர் பெயரைப் போடவில்லை. சரிக்குச் சரி.

செய்தி வந்தது வியாழக்கிழமை. பள்ளி விடுமுறை; நான் பூகோளப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோவில் லைட் வேலை பார்க்கும் என் அப்பா, சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்பே வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"கண்ணு, எட்வின் மாஸ்டர் போயிட்டாராமா. போத்தனூர்ல இருந்து ஆள் வந்து சொல்லிப்போட்டுப் போறாங்க. காலையில காப்பி குடிச்சிட்டே இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம்."

முக்கு டீக்கடை ரேடியோவில் அப்போதும் அந்த இசையமைப்பாளரின் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக நாள் முழுவதும் அதுதான். எனக்கு முதலில் வந்தது கோபம். அது யாருடைய மெட்டு என்று ஊருக்குத் தெரியாமலேயே அவர் போய்விட்டாரே என்ற கோபம். அழுகை சாயங்காலம்தான் வந்தது.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாஸ்டர் போத்தனூர் ரயில்வே காலனியில் ஓர் என்ஜின் டிரைவரின் மகனாகப் பிறந்தவர். மாதா கோயில் ஆர்மோனியத்தில் தொடங்கியவர், யுத்த காலத்தில் பெங்களூரில் வெள்ளைப் பட்டாளத்துக்காரர்கள் நடனமாடும் ஓட்டல்களில் ஜாஸ் பியானோ வாசித்தார். யுத்தம் முடிந்து பட்டாளம் கப்பலேறியது. மாஸ்டர் ரயிலேறி ஊருக்கு வந்தார். பிறகு வாரநாட்களில் நம் ஸ்டுடியோவில் பாட்டு ஒலிப்பதிவுக்கு வாசித்தார். சனிக்கிழமைகளில் மில் முதலாளிகளின் கிளப்பில் நடனத்துக்கு வாசித்தார்.

"கிளப்புல ஆடறவங்க காலைப் பாத்து வாசிக்கணும். இங்க மியூசிக் டைரக்டர் மொகத்தைப் பாத்து வாசிக்கணும். எனக்கே எனக்குன்னு வாசிக்கிறது கரண்ட் போனாத்தானுங்க அம்மணி" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

அது வேடிக்கைப் பேச்சல்ல. நம் ஒலிப்பதிவு ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. கரண்ட் போனால் பட்டப்பகலிலும் இருட்டு. மைக் செத்துவிடும், டைரக்டர் வாயை மூடிவிடுவார், வேலை நிற்கும். அந்த நேரம் எட்வின் மாஸ்டருக்கு என்பது எழுதாத சட்டம். அவர் ஜாஸ் வாசிக்க ஆரம்பிப்பார். தபலா வாசிக்கும் அன்னூரார் மெல்லச் சேர்ந்துகொள்வார். பிறகு பிடில்காரர்கள் சேருவார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நான் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே, படிக்க முடியாத புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சில சமயம் கரண்ட் வந்த பிறகும் அப்பா ஐந்து நிமிடம் மெயின் ஸ்விட்சைப் போடாமல் நின்றதுண்டு. இதையும் உண்மையென்பதால் எழுதுகிறேன்.

ஜாஸ் என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

"பெரியகடை வீதிக்கு எல்லாருக்கும் வழி தெரியுமுங்க. நான் சந்து சந்தாப் பூந்து போவேன். ஆனா மத்தவங்க வந்து சேர்றப்ப நானும் அங்க நிப்பேன்" என்றார்.

"வழி தவறினா?"

"தவறினதை ரெண்டாவது வாட்டியும் வாசிச்சுப்போடணும். வேணும்னே பண்ணினான்னு நெனச்சுக்குவாங்க."

அந்தப் பியானோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குன்னூரில் யாரோ ஒரு தோட்டத் துரை ஊருக்குப் போகும்போது விற்றது. கோயமுத்தூர் வெயிலில் மரம் விரிசல் விட்டு, நடு ஸ்தாயியில் ஒரு வெள்ளைக் கட்டை ஊமையாகிவிட்டது. சங்கீதக் கணக்கில் அது மத்திமம், ஸ ரி க ம-வில் வரும் 'ம'. அழுத்தினால் மரச் சத்தம் மட்டும் வரும். சரிசெய்கிறவர் மதராஸிலிருந்து வர வேண்டும். கடைசிவரை யாரும் கூப்பிடவில்லை. "அவரு மௌன விரதம் இருக்காருங்க, தொந்தரவு பண்ணப்படாது" என்பார் மாஸ்டர். அவர் விரல்கள் அந்தக் கட்டைக்கு வரும்போது ஒரு சின்னத் தாவல் தாவும். அந்தத் தாவலே அவருடைய நடையாகிவிட்டது.

இருட்டில் அவர் கட்டிய மெட்டுகளில் ஒன்று எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கரண்ட் போனால் "மாஸ்டருங்க, நம்மளது!" என்று அன்னூரார் கேட்பார். நான் பெயர் சொல்லாத அந்த இசையமைப்பாளரும் அங்கேதான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை சட்டென்று கரண்ட் வந்தபோது அவரைப் பார்த்தேன். கண்ணை மூடி, நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ரசிக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அந்தச் சந்தோஷம்.

அந்த இசையமைப்பாளர் மதராஸுக்குப் போனார். அடுத்த வருஷம் அந்தப் பாட்டு வந்தது. முதன்முதலில் அதை டீக்கடையில் கேட்டபோது மாஸ்டரும் அன்னூராரும் பெஞ்சில் இருந்தார்கள். நான் சர்க்கரை வாங்கப் போயிருந்தேன்.

"ஏனுங்க மாஸ்டரு, இது உங்களுதுங்க! அந்தாளு அடிச்சுட்டுப் போயிட்டாருங்க!" என்று அன்னூரார் கத்தினார்.

மாஸ்டர் கையைத் தூக்கி அவரை நிறுத்தி, கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார். "பாத்தீங்களா? அங்க முழுப் பியானோ இருக்குதுங்க. இருந்தும் அந்தக் கட்டையைத் தாண்டித்தான் போறாரு. என் நொண்டலையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்காருங்க."

திருடியவரைப் பற்றியும் மரியாதை குறையாமல் பேசியதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஆனால் மாஸ்டர் ஒரு தடவை நேரிலேயே கேட்டார். இசையமைப்பாளர் ஊருக்கு வந்து ஆர்.எஸ்.புரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அன்னூராரோடு போனார். இசைத்தட்டில் என் பெயரையும் ஒரு ஓரமாகப் போடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. கிடைத்த பதிலை அன்னூரார் எனக்குச் சொன்னார்: "வாத்தியக்காரன் பேரெல்லாம் போட ஆரம்பிச்சா தட்டுல ஓட்டை போட இடமிருக்காதுய்யா."

அன்றுதான் நான் பழி வாங்குவது என்று முடிவு செய்தேன். பள்ளி ஆர்மோனியத்தில் அந்த மெட்டை ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்து நோட்டில் எழுதினேன். கீழ் ஸ்தாயியில் மத்திமம் வருகிறது. மேல் ஸ்தாயியிலும் வருகிறது. நடுவில் மட்டும், வர வேண்டிய ஐந்து இடங்களிலும், தாவிவிடுகிறது. பாட்டு டீச்சரிடம் எந்தப் பாட்டு என்று சொல்லாமல் காட்டினேன். "இதென்ன, யாராவது ஒடைஞ்ச பெட்டியில வச்சுக் கட்டினாங்களா?" என்றார். அந்த நோட்டை மாஸ்டரிடம் காட்ட வேண்டும் என்று விடுமுறைக்காகக் காத்திருந்தேன். விடுமுறையும் வந்தது, அவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒலிப்பதிவு ஹாலில் அஞ்சலிக் கூட்டம். முன் வரிசையில் போத்தனூரிலிருந்து மாஸ்டரின் தங்கை கறுப்புக் கவுனில் உட்கார்ந்திருந்தார். வாத்தியக்காரர்கள் பிரார்த்தனைப் பாட்டுக்காக வாத்தியங்களோடு வந்திருந்தார்கள். தலைமை தாங்க மதராஸிலிருந்து காரில் வந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. மைக்கைப் பிடித்து, "என்னுடைய அந்தப் புகழ்பெற்ற மெட்டை இதே ஹாலில் எட்வினுக்கு நான் சொல்லிக்கொடுத்தபோது, எவ்வளவு பணிவாகக் கற்றுக்கொண்டார்!" என்றார்.

மாஸ்டரின் தங்கை தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்றேன். நோட்டைப் பிரித்துக்கொண்டேன்.

"ஐயா, ஒரு சந்தேகம். உங்கள் மெட்டு ஐந்து இடத்தில் நடு மத்திமத்தைத் தாண்டிப் போகிறது. ஏன்?"

"அது கற்பனை, பாப்பா."

"இந்த ஹால் பியானோவில் அதே கட்டைதான் ஊமை. நீங்கள் ஆர்மோனியத்தில்தானே மெட்டுப் போடுவீர்கள்? உங்கள் ஆர்மோனியத்திலும் அதுவேதான் ஊமையா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்னூரார் எழுந்துபோய்ப் பியானோ மூடியைத் திறந்து, அந்தக் கட்டையை ஒரு தடவை அழுத்தினார். டொக் என்றது.

"யார் வீட்டுப் பொண்ணு இது?" என்றார் தலைமை தாங்கியவர், மைக்கிலேயே.

"எம்பொண்ணுங்க" என்று அப்பா எழுந்தார்.

"லைட்காரரா? பொண்ணை உக்காரச் சொல்லுங்க. அப்புறம் போய் உங்க லைட் வேலையைப் பாருங்க."

"ஆகட்டுங்க. பாத்துட்டாப் போச்சுங்க" என்றார் அப்பா, மிகுந்த மரியாதையோடு. என்னை உட்காரச் சொல்லவில்லை. ஸ்விட்ச் போர்டைப் பார்த்து நடந்தார்.

அப்பா அந்த ஹாலைக் கடக்கிற நேரம் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். மாஸ்டரிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொள்வது என்று அப்போதுதான் தெரிந்தது. அவருடைய பொறுமை எனக்கு வேண்டாம்; அது அவரோடு போகட்டும். அவர் கடைசிவரை தொடாமல் தாண்டிப் போனாரே அந்தக் கோபம், அதை நான் எடுத்துக்கொண்டேன். ஐந்து இடமும் குறித்த அந்த நோட்டும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பாட்டு ரேடியோவில் ஓடும் காலம் வரை, கேட்கிறவர்களிடமெல்லாம் எட்வின் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

மேடையில் அவர் தொண்டையைச் செருமி, "நான் என்ன சொல்ல வந்தேன் என்றால்" என்று மறுபடி தொடங்கினார். அன்னூரார் தன் இடத்துக்குத் திரும்பி, தபலாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிடில்காரர்கள் வில்லைத் தூக்கினார்கள். மாஸ்டரின் தங்கை நிமிர்ந்து, திறந்திருந்த பியானோவைப் பார்த்தார். அப்பா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெயின் ஸ்விட்சின் மேல் கையை வைத்தார்.

விளக்குகள் அணைந்தன, மைக்கும் செத்தது.