எட்டு வாரம், எட்டு அத்தியாயம்

பக்கத்து அறையிலிருந்து பென்சில் கீறும் சத்தம் கேட்டது. சரக், சரக். ஒரு சின்ன நிறுத்தம். மறுபடியும் சரக்.

கல்லூரி நூலகத்தின் ரிசர்வ் பிரிவு எழுத்தரம்மாவின் காது விடைத்துக்கொண்டது. நோட்டில் எழுதினால் சத்தம் மெத்தென்று இருக்கும். இது மேசைமேல் கிடக்கும் ஒற்றைத் தாளில் எழுதுகிற சத்தம். அப்படியானால் நூலகத்து நகலில்தான் யாரோ கிறுக்குகிறார்கள்!

ஆசிரியர்கள் பாடத்துக்கென்று எடுத்துவைக்கச் சொல்லும் பக்கங்களை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்து வாங்குவதுதான் அவளுடைய வேலை. பத்தொன்பது வருடமாக அதே மேசை. ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகத்திலிருந்து ஒரே ஒரு அத்தியாயத்தைத்தான் நகலெடுத்து வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எழுதியவரின் கையெழுத்து வேண்டும் என்பது அங்கே சட்டம். அதில் அவள் இம்மியும் அசையமாட்டாள். பிள்ளைகள் அவளுக்கு ‘ஒரு அத்தியாயம் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் எதை வாங்கிப் படிக்கிறார்கள், ஏன் படிக்கிறார்கள் என்று துருவாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. “நீ தப்பித்தவறி இங்க வந்துட்ட, போலீஸுக்குப் போயிருக்கணும்” என்பார் வீட்டுக்காரர்.

எட்டிப் பார்த்தாள். காலையில் வந்து, பேர் எதுவும் சொல்லாமல், மண்ணரிப்புப் பாடத்தின் கட்டு முழுவதையும் கேட்டு வாங்கிய பெண்மணி. அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தாளின்மேல் குனிந்திருந்தார்.

“அம்மா! அதுல எழுதக் கூடாது!”

“தப்பா இருக்கே. சரிவு கூடினா மண்ணரிப்பு குறையும்னு போட்டிருக்கு. கூடும்னு இருக்கணும்.”

“புத்தகத்தையே தப்புங்கிறீங்களா? எழுதினவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு?”

“எழுதினவளே நான்தாம்மா.” அந்த அம்மாள் பென்சிலைக் கீழே வைத்தார். “அச்சாகி வந்த அன்னிக்கே பார்த்தேன். பதினேழு வருஷமா தொண்டையில முள்ளு மாதிரி குத்திக்கிட்டிருக்கு.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்; அவர் ஒரு கையால் முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். கட்டு கட்டாக நகல் எடுத்தாளே தவிர, எழுதியவர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்கும் இப்படி முழங்கால் வலிக்குமா, நரைக்குமா, பையில் தண்ணீர் பாட்டில் இருக்குமா?

“என் தங்கச்சி மக இங்கதான் படிக்கிறா,” என்றார் அந்த அம்மாள். “எங்க சாரோட நோட்ஸ், பிரமாதமா எழுதியிருக்கார்னு போன்ல படம் பிடிச்சு வந்து காட்டினா. பார்த்தா என் வரிங்க. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் என் வரிங்க! என் பேரு மட்டும் எங்கயும் இல்ல.” தாளை விரலால் தட்டினார். “பெத்த பிள்ளை அடுத்தவங்களை அம்மான்னு கூப்பிட்டா எப்படிம்மா இருக்கும்?”

“முழுப் புத்தகமா? இருக்காதும்மா. நான் ஒண்ணுக்கு மேல விடவே மாட்டேன்.”

சொன்ன கையோடு ஓடிப்போய்ப் படிவக் கோப்பை எடுத்துவந்து மேசையில் பரப்பினாள். வாரத்துக்கு ஒன்றாக எட்டுப் படிவங்கள். புதிதாக வந்த ஆசிரியர், வாரம் ஒரு அத்தியாயம் கேட்டு எழுதியிருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குற்றமில்லை. எட்டிலும் அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. புத்தகத்தில் இருப்பதே எட்டு அத்தியாயங்கள்தான்!

பரீட்சைக்கு ஆறு நாள் இருந்தது. புத்தகம் கடையில் கிடைப்பதில்லை. நூலகத்தில் இருப்பதும் ஒரே பிரதி. கட்டை எடுத்துவிட்டால் அறுபது பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்? படிவங்களை மூடி வைத்துவிட்டு மழுப்பியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை.

“தப்பு என்னோடதும்மா. ஒவ்வொண்ணா பார்த்தேனே ஒழிய, சேர்த்துப் பார்க்கல. நீங்க வேணாம்னா இப்பவே எடுத்துடறேன்.”

அந்த அம்மாள் எட்டுக் கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஏனோ அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உங்களைத்தான் ஒரு அத்தியாயம் அக்கான்னு சொல்றாளா எங்க வீட்டுப் பொண்ணு?”

“ஐயோ, அது உங்க வரைக்கும் வந்துடுச்சா!”

“பசங்க இதுல எதை அதிகமா வாங்கிட்டுப் போறாங்க?”

“மூணாவது. ஓரமெல்லாம் நைஞ்சு, ரெண்டு தடவை மாத்திட்டேன்.”

“மூணாவதா?” அவர் கண்கள் விரிந்தன. “எழுதும்போது அதை வேணாம்னு தூக்கிப் போடப் பார்த்தேனே!”

இந்தப் பருவம் முடியும்வரை எட்டும் இருக்கலாம், ஒவ்வொன்றின் மேலும் எழுதியவர் பேர் போட்ட பெயர்ப் பக்கம் இருக்க வேண்டும், அடுத்த முறை கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று அக்கா எழுதி நீட்டிய கடிதத்தில் அவர் கையெழுத்திட்டார். அவர் கண்முன்னாலேயே அக்கா பெயர்ப் பக்கத்தை எட்டு நகலெடுத்து ஒவ்வொரு கட்டோடும் சேர்த்துத் தைத்தாள்.

பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டவரை அவளால் சும்மா விட முடியவில்லை.

“ஏம்மா, இதுக்கப்புறம் வேற எதுவும் எழுதலையா?”

“எழுதினேன். பீரோவுக்குள்ள கிடக்கு.”

“எதைப் பத்தி?”

அவர் திரும்பிப் பார்த்து, அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறாய் என்பதுபோலப் புன்னகைத்தார். “பரீட்சை முடியட்டும். வந்து சொல்றேன்.”

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.